ஸல்வா வரைக்கும்

இந்தப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை. இத்தனை வருஷமாக இடது தோளிலிருந்து இறங்கிய பெல்ட் இன்றைக்கு வலது தோளிலிருந்து இறங்குகிறது, கழுத்தில் உரசும்போதெல்லாம் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல இருக்கிறது. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மடியில் வைத்தால் பெண் பார்க்கப் போன வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஆகிவிடுகிறது, கதவுப் பிடியில் வைத்தால் பயந்துபோய்ப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று அப்லா நினைத்துக்கொள்வார். பயம் இல்லாமலும் இல்லை, ஆனால் அவர் ஓட்டுகிற விதத்தைப் பற்றிய பயம் இல்லை அது. நன்றாகத்தான் ஓட்டுகிறார். கறுப்புக் கையுறைகளைக் கழற்றி இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துவிட்டு, கரும்பலகையில் படம் வரையப் போகிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, முகத்திரைக்கு மேலே தெரிகிற கண்களைச் சாலையை விட்டு எடுக்காமல் ஓட்டுகிறார். ஹுஃபூஃப் ஊரின் பேரீச்சந்தோப்புகள் எப்போதோ பின்னால் போய்விட்டன. இனி ஸல்வா வரைக்கும் மணல்தான். ஸல்வாவுக்கு அப்பால் எல்லை, எல்லைக்கு அப்பால் கத்தார், கத்தாருக்குள் தோஹா, தோஹாவில் அப்லாவின் மகள் மஹா, மஹாவின் மடியில், பிறந்து இன்னும் பத்து நாள்கூட ஆகாத ஒரு பெண் குழந்தை. வரிசையாகச் சொன்னால் பக்கத்தில்தான் இருக்கிறது. எல்லையை மூடி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மூடியிருக்கிறது என்று அப்லாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காலையில் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, "இன்னைக்கு நான் ஓட்டுறேன், நீ பக்கத்துல உட்காரு" என்றார். எங்கே என்று கேட்டேன். "ஸல்வா வரைக்கும்" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அப்லா என்றால் டீச்சர். பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுத்தார். வாசலில் வண்டியை நிறுத்தினால் பிள்ளைகள் எல்லாம் அப்லா அப்லா என்று ஓடிவரும், அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அவர் அப்லா ஆகிவிட்டார். வேறு வீடுகளில் டிரைவர்கள் எஜமானியை 'மாமா' என்று கூப்பிடுவார்கள், இங்கே அதற்கு அம்மா என்று அர்த்தம். கீழக்கரைக்குப் போன் பண்ணும்போது ஒருதடவை இதைச் சொல்லிவிட்டேன், என் பெண்டாட்டி பல்கீசு சிரித்த சிரிப்பில் போனே கீழே விழுந்துவிட்டது. "பொம்பளையப் போயி மாமாங்குறாங்களா மச்சான், அப்ப புருஷன என்னன்னு கூப்புடுவீங்க." என் பேரை வைத்தும் இங்கே சிரித்திருக்கிறார்கள். வாப்பா எனக்கு வைத்த பேர் சேகனா. எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு சேகனா உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு அப்லாவின் வீட்டுக்காரர் அபூ ஃபஹத் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, இரண்டுதரம் வாய்விட்டுப் படித்துவிட்டு, உள்ளே பார்த்து, "இங்க வந்து பாரு, நமக்கு டிரைவர் வரல, நம்ம ஷேக் வந்திருக்காரு" என்றார். அரபியில் அதற்கு அதுதான் அர்த்தமாம், 'எங்கள் ஷேக்'. அன்றையிலிருந்து பால் வாங்கிவரச் சொல்வதானாலும், டயருக்குக் காற்றுப் பிடிக்கச் சொல்வதானாலும், 'எங்கள் ஷேக்கே' என்றுதான் கூப்பிட்டாக வேண்டியிருந்தது அந்த வீட்டில். அரபியில் நீ, நீங்க என்று இரண்டு கிடையாது, எல்லாருக்கும் நீதான். ஆனால் அவர்கள் சொல்லும்போது என் காதில் சில நேரம் நீயாகவும் சில நேரம் நீங்களாகவும் விழும். எது எப்போது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அபூ ஃபஹத் மௌத்தாகி நாலு வருஷம் ஓடிவிட்டது. அவர் இருந்திருந்தால் இன்றைக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து கேலி பண்ணிக்கொண்டே வந்திருப்பார்.

கேலி பண்ணத்தான் செய்தார். பாலைவனத்துக்குள் அவருக்கு ஒரு தோட்டம் இருந்தது, ஆடு நூறும் ஒட்டகம் கொஞ்சமும். அங்கே ஒரு பழைய ஹைலக்ஸ் வண்டி நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், "ஷேக்னா, இவளுக்கு ஓட்டச் சொல்லிக்கொடு" என்று சொல்லிவிட்டு அவர் பின்னால் சாமான் ஏற்றுகிற தொட்டியில் ஏறி நின்றுகொண்டார். கூரையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தலைத்துணி பறக்க, கல்யாண ஊர்வலத்தில் நிற்கிறவர் மாதிரி. அப்லா கிளட்சை விட்ட வேகத்தில் வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளியது, அவர் உள்ளே விழுந்தார், எழுந்தார், மறுபடியும் சிரித்தார். அங்கே போலீஸ் கிடையாது. பாலைவனத்தில் ஆடு மேய்க்கிற பதூவினப் பெண்கள் தண்ணீர் லாரியே ஓட்டுவார்கள், கேட்க ஆளில்லை. அப்லா அந்தக் குளிர்காலத்துக்குள் மணலில் ஓட்டக் கற்றுக்கொண்டார், மணல் மேட்டில் ஏற, இறங்க, மாட்டிக்கொண்டால் டயரில் காற்றைக் குறைத்து வெளியே எடுக்க. அது நடந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் இருக்கும். அப்புறம் போன வருஷம் அரசாங்கம் சொன்னது, பெண்கள் வண்டி ஓட்டலாம் என்று. லைசென்சு வேண்டும் என்றால் பயிற்சிக்குப் போக வேண்டும். தம்மாமில் பெரிய பள்ளிக்கூடம், வாரத்தில் இரண்டு நாள் நான்தான் அவரை அங்கே கொண்டுபோய் விட்டேன். உள்ளே போய் ஸ்டியரிங்கை எப்படிப் பிடிப்பது என்று படித்துவிட்டு வருவார். ஒருநாள் வெளியே வந்து பின் இருக்கையில் உட்கார்ந்ததும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "டீச்சரம்மா சின்னப் பொண்ணு. நான் ரொம்ப சீக்கிரம் கத்துக்கிறேன்னு பாராட்டுறா" என்றார். இரண்டு பேரும் ஹுஃபூஃப் வரும்வரை சிரித்துக்கொண்டு வந்தோம். அந்தச் சிரிப்புக்குள்ளேயே எனக்கு ஒன்று நெருடிக்கொண்டிருந்தது. இருக்கிறதைத்தான் கொடுக்கிறார்கள். எப்போதோ வந்துவிட்ட ஒன்றை, இன்றைக்கு நாங்கள் தந்தோம் என்று பேர் போட்டுக் கொடுக்கிறார்கள். இன்றைக்குக் கொடுத்தோம் என்று சொல்கிறவன் நாளைக்கு எடுத்தோம் என்றும் சொல்லலாம் இல்லையா.

அப்லாவிடம் இதையெல்லாம் நான் சொன்னதில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அந்தச் சட்டம் நடப்புக்கு வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தெருவில் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின, போலீஸ்காரர்கள் வண்டி ஓட்டிவந்த பெண்களுக்கு ரோஜாப்பூ கொடுத்ததை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். மகன் ஃபஹத் ரியாதிலிருந்து வந்திருந்தான், அரசாங்க வேலை, நல்ல பையன், நான் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வளர்ந்த பிள்ளை. பெரிய கேக் வாங்கி வந்திருந்தான். கேக்கின் மேல் சர்க்கரையில் ஒரு குட்டிக் கார். நான் டீ கொண்டுபோய் வைத்தபோது வெட்டிக்கொண்டிருந்தார்கள். அப்லா சொன்னார், "ஹனானுக்கு ஒரு துண்டு எடுத்து வை." ஃபஹத் கத்தியைக் கீழே வைத்துவிட்டான். ஹனான் என்பது அப்லாவின் தம்பி மகள். பெண்களும் வண்டி ஓட்டினால் என்ன என்று அனுமதி வருவதற்குப் பல வருஷத்துக்கு முன்னாலேயே கேட்ட பெண், கேட்டதைப் படம்பிடித்து எல்லாரும் பார்க்கப் போட்ட பெண். அனுமதி வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த மாதத்தில், ஒரு மத்தியானம், நாலைந்து பேர் வீட்டுக்கு வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வந்தது யார் என்று அவர்கள் சொல்லவில்லை. எங்கே என்றும் சொல்லவில்லை. "உம்மா, மெதுவா பேசுங்க" என்றான் ஃபஹத். "நான் மெதுவாத்தான் பேசுறேன். கேட்டவள உள்ள வெச்சுட்டு, கேட்காதவளுக்கு கேக்கு. நல்லாத்தான் இருக்கு" என்றார் அப்லா. அவன் என்னைப் பார்த்தான், நான் டீக்கோப்பைகளைப் பார்த்தேன். கத்தியை மறுபடி எடுத்துக்கொண்டு அவன், "அப்ப நீங்க லைசென்சு எடுக்கப் போறதில்லையா" என்று கேட்டான். "எடுப்பேன். கொடுத்தத வாங்கிக்குவேன். நன்றி மட்டும் சொல்லமாட்டேன்" என்றார். அந்த ஒரு துண்டு கேக் ஃபிரிட்ஜில் வெகுநாள் கிடந்தது. அதன்பிறகு வண்டிக்குள்கூட ஹனான் பேரை நாங்கள் சொல்வதில்லை. வண்டிக்குள் எங்கள் இரண்டு பேரைத் தவிர ஆளில்லை, ஆனாலும் குரல் தானாகவே இறங்கிவிடுகிறது, இப்போதெல்லாம் வானிலை பற்றிப் பேசும்போதுகூட.

என் சந்தேகத்தை நான் முழுசாக நம்பவும் முடியவில்லை. பாதி நியாயம், பாதி சோறு. எங்கள் தெருக்கோடியில் பட்டுக்கோட்டை ரெத்தினசாமி ஒரு வீட்டில் டிரைவராக இருந்தான். அந்த வீட்டு அம்மா லைசென்சு எடுத்த மாதமே அவனை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். போகிறபோது, எங்கள் ஊரில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, "காக்கா, நம்ம ஆளுங்க அழிஞ்சோம். இனிமே ஒவ்வொரு வீடா காலி பண்ணுவாங்க" என்றான். அவன்தான் முன்னொரு தடவை, தொழிலாளியின் பாஸ்போர்ட்டைத் தொழிலாளியிடமே கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது என்று பேப்பரை எடுத்துக்கொண்டு போய் முதலாளியிடம் காட்டியவன். முதலாளி படித்துப் பார்த்துவிட்டு, ரொம்ப நல்ல சட்டம் என்று சொல்லிவிட்டு, அலமாரியைப் பூட்டினபடியே வைத்துக்கொண்டார். எனக்கு அபூ ஃபஹத் எந்தச் சட்டமும் வராத காலத்திலேயே பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்துவிட்டார். அப்படியானால் சட்டம் என்பது என்ன. நல்லவருக்குத் தேவையில்லை, கெட்டவருக்குப் பொருட்டில்லை. இப்படி யோசித்துக்கொண்டே போனால் ஒன்றுமே மாறாது என்று ஆகிவிடுகிறது, ஆனால் அதோ மாறித்தானே இருக்கிறது, என் இடத்தில் அப்லா உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருக்கிறாரே, அது பொய்யா. பொய்யில்லை. அது நிலைக்கக் கூடாது என்று என் மனசுக்குள் ஒரு மூலை ஆசைப்படுகிறதா. இருக்கலாம். இந்தச் சீர்திருத்தம் எல்லாம் வெறும் வேஷம் என்று நான் நம் ஊர் டிரைவர்கள் கூடுகிற ரூமில் பேசும்போது அதில் எவ்வளவு ஹனானுக்காக, எவ்வளவு என் சம்பளத்துக்காக. பல்கீசிடம் சொன்னேன், வேலை போனாலும் போய்விடும் என்று. அவளுக்கு அதில் வருத்தமே இல்லை. "வாங்க மச்சான், போதும். எத்தன நாளைக்குப் போன்லயே குடும்பம் நடத்துறது" என்றாள். அவள் சொல்வதும் சரிதான். ஆனால் போய்விட்டால் அப்லாவுக்கு மூட்டுவலி மருந்து எந்தக் கடையில் கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும், அந்த மருந்தோடு கசப்புக்கு என்ன மிட்டாய் வாங்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும். இது வேலை பற்றின கவலையா. தெரியவில்லை. அப்லா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "என்ன யோசிக்கிற" என்றார். "ஒண்ணுமில்ல, ரோடு காலியா இருக்கு" என்றேன். "ஆமா, காலியா இருக்கு" என்றார்.

காலியாகத்தான் இருக்கிறது. முன்பெல்லாம் இந்தச் சாலையில் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசையாக நிற்கும். பால், தக்காளி, சிமெண்டு, கோழி, எல்லாம் கத்தாருக்கு இந்த வழியாகத்தான் போகும். லாரிக்காரர்களை நம்பி வழிநெடுக டீக்கடைகள். ஒரு மலையாளி புரோட்டா போடுவார், வண்டியை நிறுத்தினால் அப்லாவுக்கு மட்டும் தனியாக இஞ்சி போட்டு டீ வரும். அந்தக் கடையைத் தாண்டினோம். ஷட்டர் பாதி இறங்கி, மணல் கதவுவரை ஏறிக் கிடந்தது. மஹாவின் கல்யாணத்துக்கு இதே சாலையில்தான் போனோம், ஒன்றன்பின் ஒன்றாக இருபது வண்டி. எல்லையில் இறங்கி பாஸ்போர்ட்டை நீட்டினால் அந்தப் பக்கத்து அதிகாரி, "பொண்ணு வீடா, போங்க போங்க" என்று கையைக் காட்டினான். மாப்பிள்ளை ஒன்றும் வேற்றாள் இல்லை, அபூ ஃபஹத்தின் சொந்தக் கோத்திரம், தாத்தா காலத்தில் ஆடு மேய்த்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்த சனம், கோடு போட்டபோது யார் எந்தப் பக்கம் நின்றார்களோ அந்த நாட்டுக்காரர்கள் ஆனார்கள். போன வருஷம் ஒரு நோன்புக் காலத்தில், பொழுது விடிந்து டிவியைப் போட்டால், அவர்கள் விரோதிகள். ஏன் என்று எங்கள் ரூமில் ஒவ்வொருத்தனும் ஒரு காரணம் சொன்னான். ஈரான் என்றான் ஒருவன், அமெரிக்கா என்றான் ஒருவன், டிவி சேனல் என்றான் இன்னொருவன். அந்தப் பக்கத்து டிவியில் இவர்களைத் திட்டினார்கள், இந்தப் பக்கத்து டிவியில் அவர்களைத் திட்டினார்கள், இரண்டு பக்கமும் எங்கள் நாட்டில்தான் புதுமை வருகிறது, முன்னேற்றம் வருகிறது, பக்கத்து வீட்டுக்காரன்தான் பழமை என்றார்கள். இந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த கத்தார் ஒட்டகங்களைக்கூடத் திருப்பி அனுப்பினார்கள். எல்லையில் ஆயிரக்கணக்கில் வெயிலில் நின்றன, தண்ணீர் இல்லாமல் சில செத்தும்போயின. ஒட்டகம் என்ன அரசியல் பேசியது. அப்லா அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு, "வகுப்புல நான் வரைபடம் போட்டு எல்லைக்கோட்ட சிவப்புச் சாக்பீஸ்ல காட்டுவேன். பிள்ளைங்க வீட்டுக்குப் போனதும் அழிச்சிடுவேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்கு மஹாவோடு பேசும்போதும் பக்கத்து வீட்டுப் பூனை பற்றித்தான் பேசினார். அந்த நாட்டின்மேல் பரிவு காட்டிப் பேசினாலே குற்றம் என்று ஒரு பயம் ஊருக்குள் பரவியிருந்தது. மகள்மேல் பரிவு காட்டினால் அதில் சேருமா சேராதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் இடம் இல்லை.

ஸல்வாவுக்கு முன்னால் சோதனைச் சாவடியில் அப்லா வண்டியை மெதுவாக்கினார். நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நாம் என்ன தப்பு செய்தோம், ஒன்றும் இல்லை, லைசென்சு இருக்கிறது, இங்கே தங்குவதற்கான என் இகாமா அட்டை சட்டைப்பையில் இருக்கிறது, வண்டிக் காகிதம் எல்லாம் சரி, இருந்தாலும் மறுபடி தொட்டுப் பார்த்தேன். சாவடியில் நின்றவன் சின்னப் பையன், மீசை இப்போதுதான் அரும்பியிருந்தது. வழக்கம்போல ஜன்னலில் ஆண்பிள்ளையை எதிர்பார்த்துக் குனிந்தவன் அப்லாவைப் பார்த்ததும் நிமிர்ந்தான், மறுபடி குனிந்தான், முகமெல்லாம் பல்லாகிவிட்டது. "மாஷா அல்லாஹ். காலா, நீங்களேவா ஓட்டிட்டு வர்றீங்க" என்றான். காலா என்றால் சின்னம்மா. "இந்தச் சாவடிக்கு இப்பத்தான் முதல் தடவையா ஒரு பெண் ஓட்டிட்டு வர்றாங்க. மப்ரூக், வாழ்த்துகள். எங்க உம்மாவும் கத்துக்கிட்டிருக்காங்க, ஆனா ரொம்பப் பயப்படுறாங்க." உண்மையான சந்தோஷம் அது, கொஞ்சம்கூட நடிப்பில்லை. அந்தப் பையனை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. "பயப்படாம இருக்கச் சொல்லு. முதல்ல மணல்ல ஓட்டிப் பழகச் சொல்லு" என்றார் அப்லா. அவன் என்னைப் பார்த்து, "உனக்கு இனி லீவுதான்" என்றான் சிரித்துக்கொண்டே. நானும் சிரித்தேன். "எங்க போறீங்க காலா" என்று கேட்டான். "தோஹாவுக்கு" என்றார் அப்லா. அவன் சிரிப்பு அப்படியே நின்றது, அணையவும் இல்லை, தொடரவும் இல்லை. "என் மகளுக்குக் குழந்தை பொறந்திருக்கு. எனக்கு வண்டி ஓட்ட அனுமதி கொடுத்திருக்காங்க. அதான் ஓட்டிட்டு வந்தேன்" என்றார், வகுப்பில் பாடம் சொல்கிற அதே குரலில். பையன் திரும்பி சாவடிக்குள் பார்த்தான், உள்ளே இருந்தவர் போனில் இருந்தார். அவன் ஜன்னலுக்குள் இன்னும் கொஞ்சம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "காலா, நீங்க இதச் சொன்னத நான் கேட்கல. ரோடு மூடியிருக்கு. உங்களுக்குத் தெரியும்" என்றான். "தெரியும்" என்றார். "குழந்தை ஆம்பளையா, பொம்பளையா." "பொம்பளப் பிள்ளை." "நீண்ட ஆயுசு இருக்கட்டும்" என்றான். கடற்கரை வரை போய்விட்டுத் திரும்ப வழி விட்டான். நாங்கள் நகர்ந்தபோது கண்ணாடியில் பார்த்தேன், கையைத் தூக்கி அசைத்துக்கொண்டு நின்றான்.

கடற்கரையில் அப்லா எஞ்சினை நிறுத்தினார். இந்த இடத்தில் கடல் ஒரு குடா, பெரிய ஏரி மாதிரி சலனமே இல்லாமல் கிடக்கிறது. அந்தக் கரைதான் கத்தார். தெளிவான நாளில் ஒரு கோடு மாதிரி தெரியும் என்பார்கள். இன்றைக்குப் புழுதி மூடி, வானமும் தண்ணீரும் ஒரே சாம்பலாக இருந்தன. இறங்கி நின்றோம். காற்றில் உப்பு. எங்கள் ஊர்க் கடலின் வாசனை இல்லை இது, மீன் இல்லாத வாசனை. "ஃபஹத்கிட்ட கேட்டேன்" என்றார் அப்லா. "குவைத் வழியா போகலாம், விமானத்துல. நான் வெளிநாடு போக அவன் சம்மதம் கொடுக்கணும். கொடுத்தா அங்க எதுக்கு அனுப்பினேன்னு அவன் வேலை செய்ற இடத்துல கேட்பாங்க. அவன் முடியாதுன்னு சொல்லல. அழுதான்." அப்லா மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் பெத்த பிள்ளை, அவன் மூக்க நான் துடைச்சிருக்கேன். அவன் கையெழுத்து இல்லாம நான் விமானம் ஏற முடியாது. நீ லீவுல போறதுக்கு என் கையெழுத்து வேணும். பாத்தியா." பார்த்தேன். "அடுத்த வருஷம் அதையும் மாத்துவாங்களாம் அப்லா, பேசிக்கிறாங்க" என்றேன். எனக்கு நம்பிக்கை இல்லாததை அவருக்காகச் சொன்னேன். "மாத்தட்டும். அதுக்குள்ள குழந்தை நடக்க ஆரம்பிச்சிடும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "உனக்கு அடுத்த மாசம் லீவு. கொழும்பு வழியாத்தானே ஊருக்குப் போற. கொழும்புலேருந்து தோஹாவுக்கும் விமானம் இருக்கு. இந்தியாக்காரங்களுக்கு அங்க விசா வேண்டாம்னு போன வருஷமே சொல்லிட்டாங்க. நீ போய்ப் பாத்துட்டு வர்றியா."

இதற்குத்தான் ஸல்வா. வீட்டுக்குள் கேட்க முடியாததைக் கேட்க இவ்வளவு தூரம். வேலையை விட்டு நின்றுகொள் என்று சொல்லத்தான் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டி வந்திருக்கிறார் என்று மனசின் அடியில் நினைத்துக்கொண்டிருந்தேன்போல, அந்தக் கல் இறங்கிய இடத்தில் வேறொரு கல் வந்து உட்கார்ந்தது. பாஸ்போர்ட்டில் அந்த நாட்டு முத்திரை விழுந்தால் திரும்பி இங்கே நுழையும்போது என்ன கேட்பார்கள். போகக்கூடாது என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைத்த சட்டம் என்றால் படித்துத் தெரிந்துகொள்ளலாம், எழுதாததுதான் ராத்தூக்கத்தைக் கெடுக்கிறது. விமான நிலையத்தில் ஒரு அதிகாரிக்கு மனசு சரியில்லாவிட்டால் போதும், நீ யார், யார் அனுப்பினார், எந்த வீடு. எந்த வீடு என்று கேட்டால் அப்லாவின் பேர் வரும். அப்லாவுக்கு இது தெரியாதா. தெரியும், முகத்திரைக்கு மேலே அந்தக் கண்கள் சொல்லிவிட்டன, தெரிந்துதான் கேட்கிறார், கேட்கக் கூடாது என்று பல நாள் இருந்துவிட்டுக் கேட்கிறார். திரும்ப விடாவிட்டால் கீழக்கரை இருக்கிறது, பல்கீசு இருக்கிறாள், சந்தோஷப்படுவாள். ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் இந்த வீட்டுக்கு வராமல் போய்விடுவது, அந்த மருந்து, அந்த மிட்டாய். எத்தனையோ வருஷம் கண்ணாடியில் பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்ட மனுஷி. "போன்ல பாக்குறீங்களே அப்லா, தினமும் காட்டுறாங்களே மஹா" என்று சொல்லிப் பார்த்தேன். கோழைத்தனமாகத்தான் இருந்தது என் குரல். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "போன்ல முகம் தெரியுது. கனம் தெரியலையே. கையில எடுத்தா எவ்வளவு கனம் இருக்குன்னு வந்து சொல்லு, போதும். ஒண்ணும் கொண்டுபோக வேண்டாம், நகை வேண்டாம், துணி வேண்டாம். பயமா இருந்தா வேண்டாம். நெஜமாத்தான் சொல்றேன், நீ மாட்டேன்னு சொன்னா எனக்கு வருத்தம் இல்ல." வருத்தம் இருக்கும். இருந்தாலும் மறுநாள் காலையில் டீ சரியாக வரும், சம்பளம் சரியாக வரும், அது எனக்குத் தெரியும், தெரிந்ததால்தான் மாட்டேன் என்ற வார்த்தை வாய்வரை வந்து திரும்பிப் போனது. "போறேன்" என்றேன்.

அவர் நன்றி சொல்லவில்லை. வண்டியின் பின்கதவைத் திறந்து, கண்ணாடி துடைக்க வைத்திருந்த துவாலையை எடுத்து உதறி, இரண்டாக மடித்து, நாலாக மடித்து, உருட்டி, ஒரு முனையைத் தலை மாதிரி ஆக்கினார். "இங்க வா. இதப் பிடி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்லா, எனக்கு மூணு பிள்ளைங்க, பெரியவளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். எடுத்த வாய் அப்படியே நின்றது. பெரியவள் பிறந்தபோது நான் இங்கே இருந்தேன். ஊருக்குப் போனபோது அவள் நடந்துகொண்டிருந்தாள், என்னைப் பார்த்து அழுது பல்கீசின் முந்தானைக்குள் ஒளிந்தாள். அடுத்தவன் பிறந்தபோதும் இங்கேதான். கடைசிப் பிள்ளையை அடுத்த லீவில் பார்த்தபோது அது சோறு கேட்டது. கழுத்து நிற்காத ஒரு குழந்தையை நான் ஒருதரம்கூடக் கையில் எடுத்ததில்லை. இத்தனை வயதுக்கு மேல், இந்தச் சாம்பல் நிறக் கடலுக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கும்போதுதான் அது எனக்குத் தெரிகிறது. துவாலையை வாங்கினேன். இரண்டு கையாலும் முன்னால் நீட்டிப் பிடித்தேன், கடையில் சாமான் வாங்குகிற மாதிரி. "அப்படி இல்ல" என்றார் அப்லா. என் கையைத் தொடாமல், காற்றில் தன் கையை வளைத்துக் காட்டினார். "முழங்கைய மடக்கு. தலை அந்த மடிப்புல வரணும். இன்னொரு கை கீழ. கழுத்த விட்டுடாத, அதுக்கு இன்னும் நிக்கத் தெரியாது. நெஞ்சோட சேத்துக்க. இன்னும் கொஞ்சம்." சேர்த்துக்கொண்டேன். துவாலையில் பெட்ரோல் வாசனை அடித்தது. "இப்ப சரியா இருக்கா அப்லா" என்று கேட்டேன். ஒரு அடி பின்னால் போய் நின்று பார்த்தார். "தோள இறக்கு. பயப்படாத" என்றார். "இப்ப மெதுவா ஆட்டு." புழுதிக்கு அப்பால் இருக்கிற கரையைப் பார்த்து நின்றுகொண்டு, நான் மெதுவாக ஆட்டினேன்.